கண்ணகி உண்டாளா?



மதுரையில் ஒரு விடுதி அறையில், இரவு பதினொன்றரை மணிக்கு, எங்களுக்குள் ஒரு கேள்வி பிறந்தது. இருபது ஆண்டுகளாகச் சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தி வருகிறவர் எங்களுள் ஒருவர். கேள்வியை எழுப்பியவர் அவரல்லர், மற்றவர். நூலைப் பள்ளிப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டவர். ஆனால் நாள்தோறும் அடுக்களையில் நிற்பவர். "ஏங்க, கோவலன் சாப்பிட்டான், சரி. கண்ணகி சாப்பிட்டாளா?" என்று கேட்டார். கேட்கப்பட்டவருக்கு உடனே விடை வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் தொடர்ந்து நாங்கள் சென்ற வழியைப் பற்றியது.

முதலில் பயணக் கதை. இல்லையேல் கேள்வி அந்தரத்தில் நிற்கும்.

எங்கள் இல்லம் திருச்சி உறையூரில். மகன் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டதால், இந்தக் கோடை விடுமுறையில் பல்லாண்டுகளுக்குப் பின் இருவர் மட்டுமே புறப்படும் வாய்ப்பு அமைந்தது. விடுமுறை என்றால் இதுவரை எங்களுக்கு உறவினர் இல்லங்கள்தாம். உறவினர் இல்லத்திற்குச் செல்வது ஆணுக்கு ஓய்வு. பெண்ணுக்கோ அடுக்களை மாற்றம், அவ்வளவே. இம்முறை எவர் வீட்டிலும் தங்குவதில்லை, எங்கும் சமைப்பதில்லை என்று முடிவு செய்தோம். போகுமிடம் மதுரை. உறையூரிலிருந்து மதுரைக்கு வழி வகுக்கத் தனி வழிகாட்டி நூல் வேண்டுமா என்ன? கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரில் தங்கிப் பின் தெற்கே நடந்த வழி காடுகாண் காதையில் இருக்கிறது. அதைப் பேருந்தில் பின்பற்றுவதென்று தீர்மானித்தோம்.

விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். இன்று அங்கே இறங்குவோர் இருக்குவேளிர் எழுப்பிய மூவர் கோயிலைக் காணவே இறங்குகின்றனர். இளங்கோவடிகளின் கொடும்பாளூரோ ஒரு பெருங்குளக்கரை. அங்கே வழி, சிவபெருமான் சூலம் போல் மூன்றாகப் பிரிகிறது. வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகச் செல்வது. வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் செறிந்த மலை என்று வழி கூறும் மறையவன் அதை வருணிக்கிறான். அச்சிறுமலையின் வாழைக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. இடப்புற வழி திருமால்குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை வழியாகச் செல்வது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. கவுந்தியடிகள் தெரிந்தெடுத்தது அந்த நடுவழியை. நாங்கள் மேலூரில் இறங்கி இடப்புற வழியை எடுத்தோம். காரணம் பக்தி மட்டுமன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: அழகர்கோயில் தோசை.

தோலுளுந்தும் மிளகும் சேர்ந்து நெய்யில் வெந்த அந்தக் கனத்த தோசையைப் பற்றி வீட்டுத் தோசைக்குப் பழகியவர்களுக்கு விளக்குவது கடினம். ஒன்றை வாங்கி, மரத்தடியில் அமர்ந்து, ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து உண்டோம். குரங்குகள் எங்களைச் சுற்றி அமர்ந்து மேற்பார்வை செய்தன. அந்தப் பாதித் தோசையைத் தின்றுகொண்டிருந்தபோது, வழியில் கோவலன் மனைவிக்கு ஏதேனும் வாங்கிக் கொடுத்தானா என்று பேச்சு வந்தது. வாங்கிக் கொடுத்ததாக நூல் கூறவில்லை. ஆனால் ஒன்று உண்டு. நடுவழியில், நீர்வேட்கை மிக்க நேரத்தில், கோவலன் தனியே ஒரு பொய்கைக் கரைக்குச் செல்கிறான். வசந்தமாலையின் உருவில் வந்து மயக்க முயன்ற கானுறை தெய்வத்திடமிருந்து மந்திரத்தால் தப்புகிறான். பின் தாமரை இலையில் நீர் முகந்து வந்து, கண்ணகிக்குத் தந்து இளைப்பாற்றுகிறான். புகாரின் மாளிகையில் ஏவலர் செய்திருக்கக்கூடிய செயலை, வழியில் கணவன் தன் கையால் செய்கிறான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மதுரையை மாலையில் அடைந்தோம். உணவைப் பொறுத்தவரை இந்நகரின் பெருமை நேற்று முளைத்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு. அதில் நாளங்காடியும் அல்லங்காடியும் வருகின்றன. பழமும் காயும், கட்டிச் சருக்கரைத் துண்டும், ஊன்சோறும், கிழங்கும் வரிசையாக வருகின்றன. எங்களுக்கு மிகப் பிடித்தது நள்ளிரவுக் காட்சி: தேன்கூடு போல் துளைபட்ட மெல்லிய அடையும் பூரணம் வைத்த மோதகமும் விற்கும் கூவியர், விற்பனை ஓய்ந்து, தம் பண்டங்களுக்கு நடுவிலேயே உறங்கிப்போகிறார்கள். தூங்காநகரம் என்று இன்று பெருமை பேசுகிறோம். அந்நகரைத் தூங்காமல் வைத்திருப்பவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்பதைப் பார்த்த முதல் புலவர் மருதனார்.

இரவு விளக்குத்தூண் பக்கம் நடந்தோம். பாதாம் பிசினும் நன்னாரிச் சாறும் சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் அடுக்கிய ஜிகர்தண்டாவில் எங்களுள் ஒருவர் மயங்கினார். மற்றவருக்குப் பருத்திப்பாலே பெரிதாகப்பட்டது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது அது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் பஞ்சை ஆலைக்கு அனுப்பிவிட்டுக் கொட்டையை மாட்டுக்கும் மனிதனுக்குமாகப் பகிர்ந்து வைத்தது. ஒரு கோப்பைக்குள் ஒரு நிலத்தின் பொருளியலே இருக்கிறது. முள்ளுமுருங்கைப் பூரி, கறிதோசை, பன் பரோட்டா என்று மறுநாளும் தொடர்ந்தது எங்கள் ஆராய்ச்சி. அந்த விவரங்களைப் பட்டியலிட இன்று எத்தனையோ பேர் கையில் கேமராவோடு இருக்கிறார்கள். நாங்கள் வேறு வேண்டாம்.

நாங்கள் சொல்ல விரும்புவது இரண்டாம் நாள் மதியம் நடந்தது.

குறுகிய தெரு ஒன்றில், வீட்டின் முன்கூடத்தையே சாப்பாட்டுக் கடையாக்கிய ஓர் இடம். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவரே சமைத்து அவரே பரிமாறுகிறார். அயிரைமீன் குழம்பு. இலை போட்டாயிற்று. குழம்புக் கிண்ணம் மேசைக்கு வந்ததும், எங்களுள் சமைப்பவர் எழுந்து நின்று, மற்றவர் இலையில் குழம்பை ஊற்றத் தொடங்கினார். சோறு போதுமா, ரசத்துக்குக் குழி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே தம் இலையைத் தொடாமல் நின்றார். ஊற்றிக்கொண்டவரும் அதை உணரவில்லை. இருவருக்குமே அது மூச்சுவிடுவது போல. கரண்டியோடு வந்த அம்மையார் இதைப் பார்த்தார். "ஏம்மா, நீ உக்காந்து சாப்புடு. இங்க பரிமாற நான் இருக்கேன்ல? வந்த எடத்துலயுமா?" என்றார். கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த 'வந்த எடத்துலயுமா' அன்று முழுவதும் எங்களோடு நடந்து வந்தது. கோவலன் கொலையுண்ட இடமென்று மக்கள் வழங்கும் பழங்காநத்தம் கோவலன் பொட்டலுக்கும் வந்தது. இரவு விடுதி அறைக்கும் வந்தது. அங்கேதான் அந்தக் கேள்வி.

அறையில் நூல் இல்லை, கைப்பேசியில் இருந்தது. கொலைக்களக் காதையை எடுத்து வரிவரியாகப் படித்தோம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் சாவக நோன்பி ஆதலின் பகலிலேயே உண்ண வேண்டும். ஆகவே சமைப்பதற்கான நல்ல கலங்களை விரைந்து கொடுங்கள் என்று மாதரி சொல்கிறாள். ஆய்ச்சியர் பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் சாலி அரிசியும் பாலும் கொணர்கின்றனர். கண்ணகி காய் அரிகிறாள், மெல்விரல் சிவக்கிறது. முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் தருகிறாள். பிறகு தடுக்கில் கோவலனை அமர்த்தி, அடி கழுவ நீர் தந்து, தரையில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து, உண்ணுமாறு வேண்டுகிறாள். அவன் உண்கிறான். வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அவன் பேசுகிறான், அவள் விடை சொல்கிறாள். சிலம்பை வாங்கிக்கொண்டு போகிறான்.

அவ்வளவுதான். அவள் உண்டதாக ஒரு சொல்லும் இல்லை.

அதற்கு மேலும் புரட்டினோம். கணவன் இறந்த செய்தி, வழக்குரை, நகர் எரிதல். பிறகு வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து மலையேறி, பதினான்காம் நாள் கணவனோடு வானூர்தி ஏறும் வரை, கண்ணகி ஒரு பிடி உணவு உண்டதாக நூல் சொல்வதில்லை. காய்களின் பெயரை எல்லாம் எண்ணிச் சொன்ன கவிஞர், வியர்வையைக்கூடப் பார்த்த கவிஞர், சமைத்தவள் உண்டாளா என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத் தேவையில்லை என்று எண்ணியிருக்கலாம். அடிகளை நாங்கள் குறை கூறவில்லை. அவர் தம் காலத்து இல்லத்தைக் கண்டபடி எழுதினார். இருபது ஆண்டுகள் அதை நடத்தியும் இந்த இன்மையைக் கவனிக்காமல் போனது நம் குறை. தேர்வில் 'கண்ணகி சமைத்த உணவை விவரி' என்று வினாக் கேட்டிருக்கிறோம். 'கண்ணகி உண்டாளா' என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

இது சிலம்பில் மட்டும் உள்ள வழக்கமா? குறுந்தொகை 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது, எல்லாரும் கொண்டாடும் பாட்டு. புதுமனைவி தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிதப் புகை கண்ணில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை இனிது என்று சொல்லிக் கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்கிறது. அழகிய பாட்டு. அங்கும் உண்பவன் அவன், மலர்பவள் அவள்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நம்மிடம் உண்டு. அது வீட்டுக்குள் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்ததன்று, வழியில் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்தது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் பாணனின் வறுமை பேசப்படுகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியின்றி வேகவைக்கிறார்கள். பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு ஒருங்கிருந்து உண்கிறார்கள். உப்பில்லாக் கீரை, ஆனால் உடனுண்ணல். அதே பாட்டில், நல்லியக்கோடனை நாடிப் போகும் வழியில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்ற விவரமும் வருகிறது: எயிற்பட்டினத்தில் மீன், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று. ஆற்றுப்படை என்பதே தமிழின் முதல் உணவுப் பயண நூல்தானே! அங்கே பாணன் தனியே செல்வதில்லை. விறலியரும் சுற்றமும் கூடவே செல்கின்றனர். பெறுவீர்கள் என்று பன்மையிலேயே பேசுகிறது பாட்டு.

ஆக, எங்களுக்குத் தோன்றுவது இதுதான். தமிழில் வீடு பெண்ணை நிற்க வைத்திருக்கிறது. வழி அவளை உட்கார வைத்திருக்கிறது. கோவலன் தாமரை இலையில் நீர் கொணர்ந்தது வழியில். கண்ணகி நீர் தெளித்து இலை விரித்தது ஒரு கூரையின் கீழ் வந்தவுடன். இரண்டும் அதே இணையர், சில நாள் இடைவெளி. ஒரு குடிலும் சில பாத்திரங்களும் கிடைத்தமாத்திரத்தில், நீர் கொணர்ந்தவன் தடுக்கில் அமர்ந்துவிட்டான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். கண்ணகி தன் நிலைக்கு வருந்தவில்லையே, நீங்கள் ஏன் அவளுக்காக வருந்துகிறீர்கள்? உணவுக்குப் பின் கோவலன் தன் பிழைகளை நினைந்து இரங்கும்போது, கண்ணகி தன் இழப்பாகச் சொல்வது எதை? அறவோர்க்கு அளிக்கவும், துறவோரை எதிர்கொள்ளவும், விருந்து புறந்தரவும் இயலாமல் போனதைத்தான். ஊட்டுவது அவளுக்குச் சுமையன்று, உரிமை. கணவன் உடனில்லாத மனைவிக்கு அந்த உரிமையை ஊர் மறுத்தது. அதுவே அவள் புண். இம்மறுப்பை நாங்கள் மதிக்கிறோம். எங்களுள் சமைப்பவரும் இதையே சொன்னார்: "எனக்குப் பரிமாறப் பிடிக்கும். அதை ஏன் விடணும்?" பரிமாறுவதில் உள்ள இன்பத்தை எவரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊட்டுவது அத்தனை பெரிய உரிமையும் இன்பமும் என்றால், கோவலனுக்கும் அதில் பங்கு இருக்க வேண்டாமா? தாமரை இலையில் நீர் கொணர்ந்த அன்று அவன் அடைந்திருக்கக்கூடிய நிறைவை நாமே அவனிடமிருந்து பறித்துவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. அது எங்களுக்கு நாங்களே எழுப்பிக்கொண்டது. பயணத்தில் எங்கள் வீட்டுப் பெண் உட்கார்ந்தார், சரி. அவர் உட்கார வேறொரு பெண் நின்றாரே? மூன்றாம் நாளும் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கே போனோம், வேண்டுமென்றே மூன்றரை மணிக்கு. கூட்டம் வடிந்திருந்தது. "நீங்க சாப்பிட்டாச்சாக்கா?" என்று எங்களுள் சமைப்பவர் கேட்டார். "இப்பத்தான்மா. ஆளுக தீந்தப்புறந்தான். மீனெல்லாம் முடிஞ்சுபோச்சு, ரசம் இருக்கு, அது போதும்" என்றார் அவர். ஊருக்கெல்லாம் அயிரைமீன் ஊற்றியவருக்கு ரசம். எங்களுள் பாடம் நடத்துபவர் எழுந்து, இலை ஒன்றை எடுத்துப் போட்டார். அந்த அம்மையார் வெட்கப்பட்டுத் தடுத்தார், பிறகு இசைந்தார். மூவரும் ஒரே பலகையில் அமர்ந்து ரசமும் சோறும் உண்டோம். மூன்று நாளில் நாங்கள் உண்டவற்றுள் சுவை மிக்கது எது என்று எவரேனும் கேட்டால் இதைத்தான் சொல்வோம். காசு கொடுத்ததை அவர் வாங்க மறுத்ததும், நாங்கள் பெட்டிக்கடியில் வைத்துவிட்டு வந்ததும் தனிக்கதை.

இதனால் உலகம் திருந்திவிட்டதென்று நாங்கள் எண்ணவில்லை. ஒரு வேளை உணவு எதையும் தீர்ப்பதில்லை. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டது. ஈடுபடும் ஆண்களின் தொகையே குறைவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கண்ணகியின் விரல் சிவந்த அதே ஐந்து மணி நேரம்.

நண்பர்களே, விடுமுறையில் இணையர் பயணம் போவது இன்று பெருகியிருக்கிறது, நல்லது. எந்தக் கடையில் எது சுவை என்ற குறிப்போடு ஊர் திரும்புகிறோம்; அதுவும் நல்லது. எங்கள் வேண்டுகோள் ஒன்றே. வழியில் கற்ற பழக்கத்தை வாசற்படியில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழையாதீர்கள். அருகருகே அமர்ந்து ஒரு தோசையை இரண்டாகப் பிய்த்துத் தின்றோமே, அதை உங்கள் வீட்டுக் கூடத்திலும் செய்யலாம். அதற்குப் பயணச்சீட்டு வேண்டாம். தமிழ் பயிற்றுவிக்கும் நண்பர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கொலைக்களக் காதை நடத்தும்போது, காய்களின் பெயரைச் சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, மாணவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை நூலில் இல்லை. மாணவர்கள் தத்தம் வீடுகளில் தேடட்டும்.

ஊர் திரும்பிய அன்றிரவு எங்கள் வீட்டில் இட்லி. மாவு கடையில் வாங்கியது. சட்னி அரைத்தவர் இதுவரை அம்மியையும் மிக்ஸியையும் பாடத்தில் மட்டுமே கண்டவர். உப்புக் கூடிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். "இனிது" என்று எங்களுள் ஒருவர் சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் இம்முறை முகம் மலர்ந்தது சமைத்த ஆணுக்கு.